லிந்துலை ஆண்டியப்பனின் வால்வு

பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகிக்கொண்டு, நாற்காலியில் இருப்பவர் மேல் குனிவார் ஆண்டியப்பன். அப்போது அவர் நெஞ்சிலிருந்து கைக்கடிகாரம் ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். புது ஆட்கள் திடுக்கிட்டுத் திரும்ப முயல்வார்கள். “அது என் வால்வுங்க. கண்டியில போட்டது. நீங்க அசையாம இருங்க” என்பார்.

லிந்துலை பஸாரில் பேருந்துகள் திரும்பும் இடத்தில் அவருடைய சலூன். வயது அறுபத்தேழு. சிறு வயதில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் கிடந்தபோது வந்த மூட்டுக் காய்ச்சல், இதய வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். அதில் இரத்தம் கட்டிவிடாமலிருக்க அன்றாடம் வார்ஃபரின் மாத்திரை. மாதம் ஒரு தடவை நுவரெலியா கிளினிக்கில் இரத்தம் பார்த்து அளவைக் கொப்பியில் எழுதித் தருவார்கள். மாத்திரை கூடினால் சின்னக் காயத்திலும் இரத்தம் நிற்காது. குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளையின் பெறுபேற்றைக் காட்டுவதுபோல அவர் கிளினிக் கொப்பியைக் காட்டுவார்.

அதைவிடப் பெரிய பெருமை தொழிலில். “நாப்பத்தொரு வருசத்துல ஒருத்தர் மூஞ்சிலயும் ரத்தம் பாத்ததில்லீங்க.”

போன தை மாதம் ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குச் சவரம் செய்யும்போது பிளேடு வழுக்கியது. மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை. வெட்டுப்பட்டது ஆண்டியப்பனின் இடது கட்டைவிரல். மாப்பிள்ளையின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டு சிவந்தது. அரைமணி நேரம் அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்கவில்லை. நல்ல காரியத்தில் இதென்ன சகுனம் என்று கூட வந்தவர்கள் முணுமுணுத்து, பாதி நுரை முகத்தோடு மாப்பிள்ளையை வேறு கடைக்கு அழைத்துப் போனார்கள்.

அன்றிலிருந்து ஆண்டியப்பன் மாத்திரையைப் பாதியாக ஒடித்துப் போடத் தொடங்கினார். மனைவி நாகலெட்சுமிக்கும் தெரியாது. அடுத்த கிளினிக்குக்கும் போகவில்லை. வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கேட்டவர்களிடம் பனி என்றார்.

பக்கத்துப் பலசரக்குக் கடை ஹுசைன், பஸாரில் எல்லோருக்கும் ‘நானா’, அதாவது அண்ணன்; வியாழன் தவறாமல் தாடி ஒதுக்க வருபவர். அப்படி ஒரு வியாழன், ஒருபக்கத் தாடி முடிந்திருந்தது. ஆண்டியப்பன் மறுபக்கம் வந்து குனிந்தார்.

“அண்ணே, சத்தம் கேக்கலையே” என்றார் ஹுசைன்.

“மழை பெய்யுதுல்ல நானா.”

ஹுசைன் எழுந்து வானொலியை நிறுத்தினார். ஆண்டியப்பனின் நெஞ்சில் காதை வைத்தார். சத்தம் மெத்தைக்குள் புதைந்த மாதிரி மழுங்கியிருந்தது. “கத்திரிய வைங்கண்ணே. போவோம்” என்றார்.

பாதித் தாடியோடு முச்சக்கர வண்டியில் அவரை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார் ஹுசைன். நானுஓயா தாண்டும்போது ஆண்டியப்பன் மூச்சுக்கு நடுவே சொன்னார்: “மாத்திரைய பாதியாத்தான் போட்டேன் நானா. அந்தத் துண்டுல ரத்தத்தப் பாத்ததுலருந்து.” ஹுசைன் டாக்டரிடம் அதை அப்படியே சொன்னார். அதனால் அவர்கள் வேறெதையும் தேடிக்கொண்டிருக்கவில்லை. அங்கிருந்து கண்டிக்கு அனுப்பி, வால்வில் கட்டியிருந்த இரத்தத்தை மருந்து ஏற்றிக் கரைத்தார்கள். பதினாறு நாட்கள். நாகலெட்சுமி கட்டிலருகிலேயே இருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் திட்டினார்.

கடை திறந்ததும் ஆண்டியப்பன் முதலில் பார்த்தது ஹுசைனின் தாடியை. “எவன் கை வச்சது இதுல?” என்று கேட்டாராம்.

இப்போது இடது கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு சவரம் செய்கிறார். ஏன் என்று கேட்பவர்களுக்கு மாப்பிள்ளை கதையை ஒளிக்காமல் சொல்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு, கடையில் எத்தனை பேர் இருந்தாலும், அவர்கள் பார்க்க முழு மாத்திரையையும் விழுங்குகிறார்.

போன மாதம் கிளினிக்குக்கு, அவரிடம் முடிவெட்டிக்கொள்ளும் நானும் கூடப் போயிருந்தேன். புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் கொப்பியைப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. ஆனாலும் இந்த வயதில் பிளேடு பிடிக்கும் வேலை வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சிங்களத்தில் தன்மையாகச் சொன்னார். டாக்டர் குழாயை அவர் நெஞ்சில் வைத்துக் குனிந்து கேட்கத் தொடங்கினார்.

ஆண்டியப்பன் இரண்டு விரலை டாக்டரின் மோவாயில் கொடுத்து, முகத்தை மெல்ல ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். இரண்டு கிருதாவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, இடது பக்கம் ஒரு நூலளவு மேலேறி வெட்டியிருந்த இடத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார்.