எடுக்கச் சொன்னேன்

பழவங்காடிப் பக்கத்தில் இருந்த ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற மலையாளப் பெண், "ஏதாவதொரு கையைத் தந்தாப் போதும் சேச்சி" என்றாள். வலது கையை நீட்டினேன். இடது கையால் யாருக்கும் எதையும் கொடுத்துப் பழகாத ஸ்ரீவராகத்துக்காரி நான். ரத்தம் கொடுப்பதற்கும் அந்த மரியாதையைப் பார்த்தேன். அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிற கை அது என்ற நினைப்பே வரவில்லை. மரியாதையாம், மண்ணாங்கட்டி!

ஊசி இறங்கியதும் முழங்கையிலிருந்து கட்டைவிரல் நுனி வரை ஷாக் அடித்தது. "எடுங்கோ, எடுங்கோ" என்று கத்தினேன். "அனங்கல்லே சேச்சி, அசையாதீங்க, இப்போ கிட்டும்" என்று அவள் ஊசியை உள்ளேயே திருப்பித் திருப்பி ரத்தக்குழாயைத் தேடினாள். மறுபடியும் அடித்தது. வேலைக்குப் புதியவள், என்னைவிட அவள்தான் அதிகம் பயந்திருந்தாள். ஒருவழியாக ரத்தம் வந்தது, பஞ்சை அழுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போயின. தட்டச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவது என் வலது கட்டைவிரல். தட்டினோமா இல்லையா என்று அதற்கே தெரியவில்லை. மேலதிகாரி கையெழுத்துக்குப் போன கடிதங்களில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. மூன்றாவது வாரம் மெமோ வந்தது. வேண்டுமென்றே அலட்சியம் காட்டியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது, ஒரு வாரத்துக்குள் பதில் தரவும் என்று.

என் கணவர் மெமோவைப் படித்துவிட்டு, "எதுக்கு வம்பு? மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்துடு" என்றார்.

"பண்ணாத தப்புக்கு எதுக்குன்னா மன்னிப்பு?" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நரம்பு டாக்டரிடம் போனேன். கையில் லேசாகக் கரண்ட் வைத்துப் பார்த்து, முழங்கை மடிப்பில் நரம்புக்கு அடிபட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். "ஊசியாலதான்னு எழுதுங்கோ டாக்டர்" என்றேன். "அதெப்படி எழுத முடியும்? நான் அங்கே இல்லையே" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் காரணம் இல்லாத அந்தச் சீட்டு மெமோவுக்குப் பதில் ஆகாது.

ஊசியால்தான் என்று எழுதி வாங்க மறுபடி பரிசோதனைக்கூடத்துக்கே போனேன். முதலாளி சிரித்தார். "எல்லாம் சேச்சியோட தோணல். முன்னாடியே கையில ஏதாவது கோளாறு இருந்திருக்கும்." அந்தப் பெண் பின்னால் குப்பிகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் அங்கே போய், ரத்தம் கொடுக்கக் காத்திருப்பவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டவர்களிடம் எல்லாம் கையைக் காட்டிச் சொன்னேன். ஷாக் அடித்தால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள், ஊசியை எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த நாளும் போனேன். பிடிவாதக்காரி என்று பிறந்த வீட்டில் வாங்கிய பட்டம் வீண்போகவில்லை.

மூன்றாம் நாள் முதலாளிக்குப் பொறுமை போயிற்று. எல்லோர் முன்னாலும், "பொய் சொல்லி என் பிழைப்பைக் கெடுக்கறீங்க. வெளிய போங்க!" என்று கத்தினார்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பொய்யில்ல சாரே. சேச்சி எடுக்கச் சொன்னாங்க. நான்தான் எடுக்கல."

அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. இதனால் அவள் வேலை போகலாம் என்பதும் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இப்போ சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடும்மா" என்றேன்.