யாரும் கேட்காத வரி

எண்பதுகளில் ஒருநாள், போடிமெட்டு பஸ்சில் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிய தாள்களை மடியில் விரித்தார். கொண்டை ஊசி வளைவு வந்தால் பென்சிலைத் தூக்கிக்கொள்வார். பாதை நேரானதும் ஒரு வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலிருந்து மறுபடி சரிபார்ப்பார்.

"என்ன சோலிண்ணே இது?" என்றேன்.

"புரோகிராமைச் சுருக்குறேன் தம்பி. விடை மாறக் கூடாது, ஆனா வெரசா ஓடணும். இந்த வரி போடுற கணக்கை பின்னாடி எந்த வரியும் கேக்கலை. அதான் எடுத்துர்றேன்."

அவர் சட்டைப் பையில் புது ரிப்பன் தெரிந்தது.

"மகளுக்கா?"

"ஆமா. எஸ்டேட்டுல அவ அம்மாகூட இருந்தா. போன மழைக்குக் காய்ச்சல்ல புள்ள செத்துப்போயிட்டா. இன்னமும் போடியில எறங்குனா கை தானா ரிப்பனை வாங்கிருது."

அதற்குப் பிறகு மெட்டு வரும்வரை அவர் ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை.