மாடிக்கு ஒரு குடம்

மூன்று வருடத்துக்கு முன்பு, சித்திரை வெயிலில் நடந்தது இது. எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம். சுற்றிலும் கம்பெனிகள் வந்த பிறகு எங்கள் தெருவில் யார் வீட்டைப் பார்த்தாலும் மேலே ஒரு மாடி, வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று ஒரு அட்டை. நாங்களும் கட்டினோம். மகளை வந்தவாசியில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருப்பது நானும் என் கணவரும்தான். கீழ் வீட்டுக்குத்தான் வாடகை கூட வரும் என்று அதை வாடகைக்கு விட்டு, நாங்கள் மாடிக்குப் போனோம். நான் அங்கேயே மெஷினைப் போட்டு ஜாக்கெட் தைப்பேன். அவருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை.

படிக்கட்டு வெளிப்பக்கம். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று மேஸ்திரி ஏணி மாதிரி செங்குத்தாக ஏற்றிவிட்டார். பதினெட்டுப் படி. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம்தான். ஓடியாடிக்கொண்டிருந்த வரைக்கும் அது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

கீழ் வீட்டைக் கேட்டு வந்தவர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்தார். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் என்றார். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். அந்த அம்மா எனக்கு ஒரு டம்ளர் பாலும் கொண்டுவந்து கொடுத்தாள். குடும்பம் நல்ல குடும்பம் என்று நானும் குளிர்ந்து போனேன்.

பத்தே நாள். மனைவியையும் பிள்ளைகளையும் காணோம். ஒரு வேன் வந்து நின்றது. பையும் பக்கெட்டுமாகப் பதினொரு பெண்கள் இறங்கினார்கள். எல்லாம் தென்காசிப் பக்கத்துப் பெண்கள், சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நின்று பாகங்களைப் பூட்டும் வேலை. போன் போட்டுக் கேட்டால், "இன்னாம்மா, எல்லாம் நம்ம சொந்தக்காரப் பொண்ணுங்கதான். வூடு சும்மாதான கீது?" என்றார் கான்ட்ராக்டர்.

அன்றிலிருந்து என் நிம்மதி போனது. மூன்று ஷிப்ட். எந்த நேரமும் யாராவது போவார்கள், யாராவது வருவார்கள். கேட் தாழ்ப்பாள் 'டங்'கென்று விழும். கொடி நிறைய யூனிபார்ம். நாள் முழுக்க வர வேண்டிய தண்ணீர் காலையிலேயே தீர்ந்துவிடும். செப்டிக் டேங்க் நிரம்பி வழிய, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் என் புலம்பல் இதுதான். புலம்பலோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "எந்த நேரத்துக்குப் போறாளுங்க, எந்த நேரத்துக்கு வராளுங்கன்னே தெரியல" என்று இழுத்து இழுத்துப் பேசி, அந்தப் பெண்களின் பெயரையும் கெடுத்துவைத்தேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

இந்த நிலைமையில்தான் வேலை முடிந்து வண்டியில் வந்துகொண்டிருந்த என் கணவரை ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. இடுப்பெலும்பு முறிந்து, பிளேட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் தூக்கி மாடியில் சேர்த்தார்கள். ஆறு மாதம் படி ஏறவோ இறங்கவோ கூடாது, தரையில்தான் நடந்து பழக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாடியில் இருப்பது ஒற்றை அறையும் ஒரு சமையல் கட்டும். வாக்கரை வைத்து நாலு எட்டு போட்டால் சுவர் வந்துவிடும். ஒரு நாள்கூட வீட்டில் அடைந்து கிடக்காத மனுஷன், ஜன்னல் வழியே புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். நாளுக்கு நாள் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது. எப்படியாவது அவரைக் கீழ் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், எனக்கு வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

வீட்டைக் காலி செய்யுங்கள் என்று கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். பதினொரு மாத அக்ரிமெண்ட் இருக்கிறது, முடிந்தால் கோர்ட்டுக்குப் போ என்றார். அழுது கேட்டேன். "நான் இன்னாம்மா பண்றது? அந்தப் பொண்ணுங்க போக மாட்டேன்னு அடம் புடிக்குதுங்க" என்றார். ஸ்டேஷனுக்குப் போனேன், இது சிவில் விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊரில் நாலு பெரிய மனிதர்களை வைத்துப் பேசலாம் என்றால் அந்த ஆள் வரவே இல்லை. அப்புறம் போனையும் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் ஜாக்கெட் வாங்க வந்த ஒருத்தி வழி சொல்லிக்கொடுத்தாள். "தண்ணிய மூடு. ரெண்டே நாள்ல தானா ஓடுங்க பாரு."

மொட்டை மாடியில் கீழ் வீட்டுக் குழாய்க்குத் தனி வால்வு இருக்கிறது. அதை இறுக்கித் திருகி மூடினேன். என் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார்.

சண்டைக்கு வருவார்கள் என்று நாலு வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. சாயங்காலம் ஒரு பெண் மட்டும் படியில் பாதி ஏறி வந்து, "அக்கா, உங்களுக்கும் தண்ணி வரலையா?" என்று கேட்டாள். எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ, "ஆமா, போர்ல தண்ணி எறங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை அடிபம்புக்குக் கிளம்பினார்கள். இங்கிருந்து பத்து நிமிஷ நடை.

மறுநாள் காலை கதவைத் திறந்தால், படியின் உச்சியில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர். என் புத்தி எப்படிப் போனது தெரியுமா? என் குட்டு வெளிப்பட்டுப்போய்க் கிண்டல் செய்கிறாளுங்க என்று நினைத்தேன். அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவிவிட்டுக் குடத்தைக் கீழே உருட்டிவிட்டேன். அதற்கு அடுத்த நாளும் அதே இடத்தில் அதே குடம் நிரம்பி இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஏழு மணி. என் கணவரைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். ஆட்டோ வாசலில் நிற்கிறது. தூக்க வருகிறோம் என்று சொன்ன பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரையும் அவசரம் என்று ஷிப்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆட்டோக்காரருக்கோ முதுகு வலி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். டோக்கன் போய்விடுமே என்று, நானே ஒவ்வொரு படியாக உட்கார வைத்து இறக்கிவிடலாம் எனத் துணிந்தேன். அவரும் தலையாட்டினார்.

ஏழாவது படியில் அவருடைய நல்ல கால் வழுக்கியது. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள, கைப்பிடி இல்லாத பக்கம் சாய்ந்துவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. அவர் முகம் வெளிறி வியர்வை கொட்டுகிறது. தெருவே அதிரக் கத்தினேன்.

ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, வீட்டுக்குள்கூட நுழையாமல் வாசலில் இருந்த குடங்களை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போய்த் தண்ணீர் தூக்கிவந்த நாலு பெண்கள் அப்போதுதான் கேட்டைத் தாண்டினார்கள். குடங்களைப் போட்ட போட்டில் தண்ணீர் தெரு வரைக்கும் ஓடியது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்களும் ஓடிவந்தார்கள். ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருத்தி அவர்களில் மூத்தவள். கம்பெனியில் முதலுதவிப் பயிற்சி எடுத்தவளாம். "ஏளா, யாரும் காலைத் தொடாதீங்க. உள்ள இருந்து பிளாஸ்டிக் சேரை எடுத்துட்டு வாங்க" என்று ஒரே அதட்டல். அவரைச் சேரில் உட்கார வைத்துத் துப்பட்டாவால் கட்டினார்கள். அவள் அந்தக் காலை மட்டும் இரண்டு கையாலும் மடங்காமல் ஏந்திக்கொண்டாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி எண்ணி, படிக்குப் படி நின்று இறக்கினார்கள். அத்தனை பேர் கையும் ஒரே கை மாதிரி வேலை செய்தது.

மூச்சு வாங்கட்டும் என்று அவரைக் கீழ் வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். நாலு மாதமாக நான் கால் வைக்காத என் வீடு. குப்பைமேடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நான் இருந்தபோதுகூட அவ்வளவு சுத்தமாக வைத்ததில்லை. பாய்கள் சுருட்டி ஓரமாக நின்றன. சமையல் கட்டுச் சுவரில் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஒட்டியிருந்தார்கள். யார் எந்த நேரத்தில் தண்ணீர் தூக்க வேண்டும் என்ற பட்டியல். ஆளுக்குக் குளிக்க அரை பக்கெட். கடைசி வரி: 'மாடிக்கு ஒரு குடம். அண்ணாச்சிக்கு உடம்பு முடியலை. மறக்கக் கூடாது.'

அதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பெண் என் கையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இவரைக் கீழே கொண்டுவர வேண்டும், நீங்கள் காலி செய்து போகட்டும் என்று வால்வை மூடினது நான்தான் என்று சொல்லிவிட்டேன். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை உயிர் இருக்கிற வரை மறக்க மாட்டேன்.

 தண்ணீர் கொடுத்த பெண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை. "தோள்பட்டை கழண்டு போச்சுக்கா எங்களுக்கு. நைட் ஷிப்ட் முடிச்சு நின்ன காலோட தண்ணிக்குப் போனோம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்று கோபமாகக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள்.

மூத்தவளுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. நாங்கள் வீட்டைக் காலி செய்யச் சொன்னதே அவர்களுக்குத் தெரியாதாம். மாடியில் இருப்பவர்கள் சண்டைக்காரர்கள், பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தார் கான்ட்ராக்டர். நான் எத்தனையோ தடவை அவருக்குப் போன் போட்டிருக்கிறேன். காலடியில் இருந்த பதினொரு பேரில் ஒருத்தியிடம்கூடப் பேசியதில்லை. அவள் என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இதுக்கு எதுக்குக்கா காலி பண்ணணும்? நாங்க மேல போயிருதோம். ஷிப்டு மாறி மாறித்தான் தூங்குதோம், அந்த ஒரு ரூம் போதும். அண்ணாச்சி கீழ வந்திரட்டும்."

இத்தனை நாளும் நான் ஏறி இறங்காத இடம் இல்லை. இது என் மண்டைக்கு எட்டவே இல்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் பிளேட் நகரவில்லை என்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, காலை மடங்காமல் தூக்கியது யார் என்று விசாரித்தார். "எங்க வூட்டுப் பொண்ணுங்க" என்று என் கணவர் சொன்னார். திரும்பி வந்ததும் முதல் வேலையாக மொட்டை மாடிக்குப் போய் வால்வைத் திறந்துவிட்டேன்.

ஆனால் கான்ட்ராக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சம்பளத்தில் வாடகை என்று பிடித்துக்கொண்டிருந்தாராம், எனக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு. நேராக என்னிடம் வாடகைக்கு வந்துவிட்டால் அந்த வரும்படி போய்விடுமே. மாடிக்குப் போனால் வேலைக்கு வர வேண்டாம் என்று மிரட்டினார். பெண்கள் சனிக்கிழமை முழுக்கக் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு எல்லோருக்கும் லீவு என்பதால், திங்கட்கிழமை காலை பதினொரு பேரும் வீட்டில் இருந்தார்கள். விடிந்தும் விடியாததுமாக ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் நிற்கும் பாயிண்டுக்குப் பதினொரு பேரும் போய் நின்றார்கள். நானும் கூடப் போனேன். பஸ் வந்தது. மற்றவர்கள் ஏறினார்கள், இவர்கள் ஏறவில்லை. வீட்டுப் பிரச்சினை முடிந்தால்தான் ஏறுவோம் என்று பஸ்ஸில் ஆள் கணக்குப் பார்ப்பவரிடம் மூத்தவள் அமைதியாகச் சொன்னாள். லைனில் ஒரு இடம் காலியாக இருந்தாலே சூப்பர்வைசர் கத்துவார். அந்த ஷிப்டில் மட்டும் இவர்களில் ஐந்து பேர், பேசித் தீராவிட்டால் மற்ற ஷிப்டிலும் ஆள் இருக்காது. போன் பறந்தது. நாலு மாதமாக என் கண்ணில் படாத மனிதர், கால் மணி நேரத்தில் சட்டைப் பட்டனைக்கூடச் சரியாகப் போடாமல் பைக்கில் வந்து இறங்கினார்.

"சொந்தக்காரப் பொண்ணுங்கன்னு சொன்னியே, இதுல ஒருத்தி பேரைச் சொல்லு பாப்போம்!" என்று நான் கேட்டேன். டீக்கடையில் நின்றவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், ஒரு பேரும் தேறவில்லை; "சரிம்மா, மேலயே போங்க" என்று மூத்தவளிடம் சொல்லிவிட்டார். அன்று மத்தியானமே அக்ரிமெண்ட் தாளும் சாவியும் என் கைக்கு வந்துவிட்டன. சாயங்காலத்துக்குள் அவர்கள் சாமான் மேலே போனது, எங்கள் சாமான் கீழே வந்தது. எல்லாவற்றையும் தூக்கினது அவர்கள்தான்.

அன்றைக்கு ஷிப்டைத் தவறவிட்டதால் ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஐந்து பேருக்கும் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விட்டது. ஒரு நாள் தவறினாலும் முழுசாகப் பிடித்துவிடுவார்களாம். ரொம்ப நாள் கழித்து, அதுவும் பேச்சுவாக்கில்தான் எனக்குத் தெரிந்தது. அவர்களாக ஒரு முறைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

என் கணவர் அந்தக் கீழ் வீட்டுக் கூடத்தில்தான் நடந்து பழகினார். இப்போது வாக்கர் இல்லாமல் டீக்கடை வரை போய் வருகிறார். படிக்கட்டின் இன்னொரு பக்கமும் கைப்பிடி வைத்தோம், பெரிய டேங்க்காக வாங்கிப் போட்டோம். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கும்போதெல்லாம், முன்பு நான் அந்தப் பெண்களைப் பற்றிச் சொன்னதை ஒவ்வொருவரிடமாகத் திருப்பி எடுத்துக்கொண்டேன். அது பரப்பினதைவிடக் கஷ்டமான வேலையாக இருந்தது. மூத்தவளுக்குக் கல்யாணமாகிவிட்டது, கல்யாண ஜாக்கெட் நான்தான் தைத்தேன்.

அந்தப் பச்சைக் குடத்தை நான் அவர்களிடம் கேட்டு வாங்கிவைத்திருக்கிறேன். யார் மேலாவது ஆத்திரம் வந்து அவர்களைப் பற்றி இன்னொருவரிடம் பேச வாய் திறந்தால் அது கண்ணில் பட்டுவிடுகிறது, முதலில் அவர்கள் வாசலுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்.