பந்திக்கு முன்னால் கேட்கும் கேள்வி

1. முதல் வீடு

பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்துக் கொம்பனியின் கையில் இருந்த நாளில் நான் பாதிரியாருக்குத் துபாஷியாக வேலை பார்த்தேன். துபாஷி என்றதும் கிடங்கு வாசலில் துணிக்கு விலை பேசுகிறவன் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். என் வேலை வேறு. கோவிலில் வருஷத்துக்குச் சில தடவை, அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற கர்த்தருடைய பந்தி நடக்கும். அதற்கு முந்தின வாரம் பாதிரியார் சபையார் வீடுகளுக்கெல்லாம் போய், அவரவர் தம்மைத்தாமே சோதித்துப் பார்த்துக்கொண்டார்களா என்று விசாரிப்பார். அவருக்குத் தமிழ் வராது. நான் சிறு வயதில் போர்த்துக்கீசு பேசுகிற ஒரு பறங்கி வீட்டில் வேலைக்கு இருந்தவள். அங்கே ஒட்டிக்கொண்ட பறங்கிப் பேச்சு அவருக்கும் தெரியும். அந்தப் பேச்சை வைத்துத்தான் நான் பிழைத்தேன்.

கேள்வி எப்போதும் ஒன்றுதான். யாரோடாவது பகை உண்டா, யார் மேலாவது வன்மம் வைத்திருக்கிறாயா? உண்டு என்றால் அது தீரும்வரை பந்திக்கு வரக்கூடாது.

முதல் நாள், முதல் வீட்டிலேயே நான் திணறினேன். கேள்வியைக் கேட்டதும் அந்த வீட்டுப் பெரியம்மாள், பாதிரியார் பஞ்சாயத்துப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். "நல்ல நேரத்துல வந்தீங்க சாமி. பக்கத்து வூட்டு ஆடு என் முருங்கையை மேஞ்சிட்டுப் பூடுது. கேட்டா அடிக்க வரான்!" பாதிரியார் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறாள்?" என்றார். "ஆட்டைப் பற்றி" என்றேன். அவர் நெடுநேரம் யோசித்தார்.

போகப் போகத் தொழில் பிடிபட்டது. கேட்கும்போது பாதிரியாரைப் பார்க்காதே, கேட்கப்படுகிறவர் முகத்தைப் பார். "இல்ல" என்று சொன்னவுடன் மொழிபெயர்த்துவிடாதே, கொஞ்சம் பொறு. சில பேருக்கு உண்மையான பதில் இரண்டாவதாகத்தான் வரும்.

இந்த வேலையில் கூடவே வருகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரார் வன்மம் முழுக்க உங்கள் வழியாகப் போய்வரும். அதனால் உங்களைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். நான் கிணற்றடிக்குப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். என் புருஷன் கப்பல் தச்சர். அடுத்த பருவக்காற்றில் திரும்பிவிடுவேன் என்று சொல்லி ஜாவாத் தீவிலிருக்கிற பத்தாவியாவுக்குக் கப்பல் ஏறினார். கப்பல்கள் வந்தன. அவர் வரவில்லை, சேதியும் இல்லை. நான் தாலி கழற்றினவளும் இல்லை, குடித்தனக்காரியும் இல்லை. பந்தி வாரத்தில் என் வீட்டுக்கு யாரும் விசாரிக்க வந்ததில்லை. விசாரிக்கிறவர் நாள் முழுக்க என்னோடுதானே இருக்கிறார், அதற்குமேல் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

2. தோணிரேவு

ஏரிக்கரையில் தோணிரேவுப் பக்கம் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிற சில குடும்பங்கள் சபையில் சேர்ந்திருந்தன. அவர்களில் ஒருத்தி மார்த்தாள். அந்த வருஷம் கிளிஞ்சல் ஏற்றிவந்த தோணி முகத்துவாரத்துக்கிட்டே காற்றில் கவிழ்ந்து அவள் புருஷன் போய்விட்டான். கூட இருந்த அவன் தம்பி சந்தியாகு ஒரு பலகையைப் பிடித்துக் கரைசேர்ந்தான்.

முதலில் சந்தியாகு வீடு. யார் மேலும் வன்மம் இல்லை என்று சொல்லிவிட்டு, பாதிரியார் காலடியில் விழுந்து அழுதான். அவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அடுத்தது மார்த்தாள் வீடு. கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"இருக்குது. என் கொழுந்தன் மேல."

பாதிரியார் காரணம் கேட்டார்.

"ஒரே பலகையை ரெண்டு பேரும் புடிச்சிருக்காங்க. இவன் எங்க வூட்டுக்காரர் கையை உதறி வுட்டுட்டான். நானா சொல்லலக்கா. அவனே வந்து, 'கையை உதறிட்டேன் அண்ணி'னு சொன்னான். ரெண்டு வூடும் ஒரே கிணத்துலதான் தெனம் தண்ணி மொள்றோம்."

பாதிரியார் மன்னிப்பைப் பற்றி நிறையப் பேசினார். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "தெரியும். ஆனா வரல" என்றாள். அப்படியானால் இந்தத் தடவை பந்திக்கு வரமுடியாது என்றார் அவர். "சரி" என்றாள். நாங்கள் படி இறங்கும்போது பின்னாலிருந்து சொன்னாள்: "அவனுக்கு யார் மேல வன்மம் இருக்கப்போவுது? அவனுக்குப் பந்தி கெடச்சிடும்."

அதையும் சொன்னேன். பாதிரியார் முகம் சிவந்தது. 

பந்தி நாளில் மார்த்தாள் வந்தாள். கோவிலுக்குள் வராமல், வெளியே சுவர் நிழலில் மணலில் உட்கார்ந்து, முடிந்ததும் எழுந்து போனாள்.

அடுத்த பந்திக்கும் அதே பதில்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தோணிரேவுக்குப் போகிற வழியில் சபை மூப்பர் என் பக்கத்தில் வந்தார். கொம்பனிக் கிடங்கில் வேலை செய்கிற நல்ல மனுஷர். "இன்னா சூசம்மா, மார்த்தாள் 'இருக்குது'ன்னா நீ 'இல்லை'னு சொல்லேன். ஐயாவுக்கு இன்னா தெரியப்போவுது? பாவம், அதுவும் மனுஷி மாதிரி பந்தியில குந்திட்டுப் போவட்டுமே" என்றார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. மார்த்தாள் பழையபடி "இருக்குது" என்றதும் நான் பாதிரியார் பக்கம் திரும்பினேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் முகத்தில் எதைக் கண்டாளோ, என் கையைப் பிடித்துவிட்டாள்.

"மாத்திச் சொல்லிடாதக்கா. இது ஒண்ணுதான் நான் ஆண்டவர்கிட்ட நெசமா சொல்றது."

உள்ளதைச் சொன்னேன்.

3. என் பதில்

அன்று திரும்பும்போது எனக்குள் ஒரு எண்ணம் கிளம்பியது. இத்தனை வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். என்னை நான் கேட்டதில்லை.

மறுநாள் பாதிரியாரிடம் போய், "என்னையும் கேளுங்கள் ஐயா" என்றேன். அவர் சிரித்தார். "உன்னையா? உன்னைத்தான் தினமும் பார்க்கிறேனே." நான் நகரவில்லை. அதனால் கேட்டார். "யார் மேலாவது வன்மம் உண்டா?"

"இல்லை" என்றேன். உடனே வந்துவிட்டது. பறங்கிப் பேச்சில் எனக்கு எல்லாமே அப்படித்தான் வரும். அந்தப் பறங்கி எஜமானி வீட்டில் அடி வாங்கிவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்லிப் பழகின பேச்சு அது. அந்தப் பேச்சில் நான் எதையும் மறைப்பேன். வெளியே வந்த பிறகுதான் எனக்கே அது புரிந்தது.

தமிழில் கேட்க யார் இருக்கிறார்கள்? தோணிரேவுக்குப் போனேன். மார்த்தாள் காளவாய் ஓரமாக உட்கார்ந்து கிளிஞ்சல் சலித்துக்கொண்டிருந்தாள். வந்த விஷயத்தைச் சொன்னேன். பைத்தியமா என்பதுபோல் பார்த்தாள். பிறகு சல்லடையைக் கீழே வைத்தாள்.

"சொல்லுக்கா. யார் மேலயாவது வன்மம் வெச்சிக்கினு கீறியா?"

மற்றவர்களின் இரண்டாவது பதிலுக்காகப் பொறுப்பேனே, அந்தப் பொறுமை எனக்கும் வேண்டியிருந்தது. பிறகு சொன்னேன். "எங்க வூட்டுக்காரர் மேல. செத்துட்டார்னு சேதி வந்தாக்கூடத் தேவலைனு பல நாள் நெனச்சிக்கினு இருந்திருக்கேன். அதை நெனச்சிக்கினே பந்தியில கை நீட்டியிருக்கேன்."

அவள் ஆறுதல் சொல்லவில்லை. "இதுவும் பெருசுதான்" என்றாள். சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

பந்தி நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரின் பிரசங்கத்தை முழுக்கத் தமிழில் சொல்லி முடித்தேன். சபை எழுந்து பந்தி மேசைப் பக்கம் போனபோது நான் வாசல் பக்கம் போனேன். மூப்பர் பின்னாலேயே வந்தார். "இன்னா பண்ற? ஐயா பாக்கறாரு. வேலை பூடும்!" நான் போய் மார்த்தாள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். வேலை போகவில்லை. ஆனால் கிணற்றடியில் என்னைப் பற்றி என்னென்னவோ பேசிக்கொண்டார்கள்.

சில பந்திகள் அப்படியே கழிந்தன. பிறகு ஒரு தடவை மார்த்தாள் வேறு பதில் சொன்னாள்.

"நேத்து கிணத்தாண்ட கொழுந்தன் குடம் சாஞ்சிது. புடிச்சி நிறுத்தினேன். அவ்ளோதான். அவன் மூஞ்சியைப் பாக்கல. அவ்ளோதான்னு அவருக்குச் சொல்லுக்கா, ஒண்ணும் கூட்டாத."

கூட்டாமல் சொன்னேன். "இதை மன்னிப்பு என்று சொல்லலாமா?" என்று பாதிரியார் என்னைக் கேட்டார். அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அது ஒரே தடவைதான். "எனக்குத் தெரியாது ஐயா. அவளிடம் இருக்கிறது அவ்வளவுதான் என்கிறாள்."  "வரச்சொல்" என்றார் அவர்.

அந்தப் பந்தியன்று அவள் உள்ளே போனாள். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். நான் மட்டும் வெளியே இருந்தேன். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. என் புருஷன் கப்பலேறிப் போன அன்றைக்குக்கூட இல்லை.

4. என் வீடு

அடுத்த பந்திக்கு முந்தின வாரம், வீடுகளெல்லாம் முடிந்தபின் பாதிரியார் கோட்டைக்குத் திரும்பாமல் என் தெருவில் நடந்தார். என் வாசலில் நின்றார். என் வீட்டில் இருந்தது ஒரு பலகை. அதைப் போட்டேன். உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் கேட்டார்.

"யார்... மேல்... வன்மம்... உண்டா?"

யாரிடம் கற்றாரோ. வார்த்தைகள் கடித்த பாக்கு மாதிரித் துண்டு துண்டாக விழுந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உண்டு ஐயா" என்றேன். தமிழிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. அதற்குமேல் பேச அவரிடம் தமிழும் இல்லை. எழுந்து போகாமல் வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த மோரைக் குடித்தார். என் வீட்டுக்கு விசாரிப்பு வந்தது அன்றுதான்.

அந்தத் தடவையும் நான் பந்திக்குப் போகவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை.

எனக்குப் பிறகு இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பேச்சில் உங்களுக்கு அழுகை வருமோ அந்தப் பேச்சில் கேளுங்கள். பதில் நல்லதாக வராவிட்டால் அதை நல்லதாக ஆக்கிச் சொல்லாதீர்கள். வெளியே உட்காரலாம். அங்கே உட்கார்ந்திருப்பவரையும் ஆண்டவர் பார்க்கிறார் என்பது நான் உட்கார்ந்து தெரிந்துகொண்டது.

என் வன்மம் எப்போது போனது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நினைவில் இருப்பது ஒரு காலை. கஞ்சியை இறக்கிவைத்துவிட்டுத் தினமும் போல ஜெபம் சொன்னேன். முடிக்கப் போகிற சமயம் என் புருஷன் பேர் தானாக வாயில் வந்தது. எங்கே இருந்தாலும் அந்த மனுஷருக்கு இந்நேரம் ஒரு வாய் கஞ்சி கிடைத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.  பிறகு கஞ்சியைக் குடித்தேன்.