செஞ்சிக்கு ஒரு ஞ்

அன்று விழுப்புரம் அச்சகத்தின் கண்ணாடி அறைக்குள் மூன்று பேர் இருந்தோம்: கம்ப்யூட்டர் முன்னால் நான், பக்கத்தில் அச்சகத்து அக்கா, கதவை அடைத்தாற்போல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தாய்மாமன். அவர் கூடப்பிறந்த அக்கா மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குத்தான் பத்திரிகை.

திண்டிவனத்தில் நான் வேலை செய்யும் டைப்பிங் கடையில் அடித்து, பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். இங்கே திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. கமாவும் ஸ்டாரும் இங்கிலீஷுமாகக் கிடந்தது.

“இன்னாப்பா, என் பேர வெள்ளக்காரன் பேராட்டம் பண்ணி வச்சிக்கீற?”

“நான் அடிச்ச ஃபான்ட் இந்த மெஷின்ல இல்லீங்க. ஏத்தினா சரியாயிடும்.”

சொல்லிவிட்டேனே தவிர, எட்டாவதோடு நின்றவன் நான். தப்பாக எதையாவது அமுக்கி மெஷினே படுத்துக்கொண்டால்? விடிந்தால் அவர்கள் பத்திரிகை வைக்கக் கிளம்ப வேண்டும். பிழையோடு அச்சாகிவிட்டால் தாள் காசும் அச்சுக்கூலியும் என் தலையில்தான் என்று அக்கா முதலிலேயே சொல்லியிருந்தார். வெளியே போய் மூச்சு விடலாமென்றால் மாமன் நாற்காலியை நகர்த்துவதாக இல்லை.

அக்காவின் பழைய சிடி ஒன்றில் அதே பெயரில் ஒரு ஃபான்ட் கிடைத்தது. ஏற்றினேன். தமிழ் வந்துவிட்டது. மாமன் எழுந்து வந்து விரல் வைத்துப் படித்தார்.

“மசள் நீராட்டு விழா... தாய்மாமன், செசி.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்பா, மலையும் கோட்டையுமா இருந்த ஊரு. செசின்னு சுருட்டி வச்சிட்டியே!”

அக்கா சிரித்துவிட்டார். அந்த ஃபான்டில் ஞ் இருக்க வேண்டிய இடமே காலி. எந்த விசையைத் தட்டினாலும் வரவில்லை. கடைசியில் வேறொரு ஃபான்டிலிருந்து ஞ்-ஐ மட்டும் எடுத்து, விட்டுப்போன இடத்திலெல்லாம் ஒட்டினேன்.

“இது மட்டும் இன்னா குண்டா கீது?”

“மாமன் ஊராச்சே, எடுப்பா தெரிய வேணாமா?” என்றார் அக்கா.

“மஞ்சளுமா மாமன் ஊரு?” என்றவர், கொஞ்சம் யோசித்து, “சரி, ஓட்டுங்க. ஜல்தி” என்றார்.

அச்சுக்கூலியை அக்காவிடம் எண்ணிக் கொடுத்தார். என் பக்கம் ஒரு பத்திரிகையை நீட்டினார். “உன் காச ஃபங்ஷனுக்கு வந்து வாங்கிக்கோ.”

போனால் மொய் எழுதாமல் திரும்ப முடியுமா? போகவில்லை. இப்போது போனில் கேட்டால், “விசேஷத்துக்கே வராதவன் நீ” என்கிறார். டைப்பிங் கூலி அறுநூறு ரூபாய் இன்னும் பாக்கி.