மெடல் குத்திய சிப்பாய் படங்கள்

மூடியைத் திறந்ததும் பழைய புகையிலை நெடியும் துருவாடையும் ஒன்றாக மூக்கில் ஏறின. இலங்கை மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் 'தொரை' சீமைக்குத் திரும்பியபோது பங்களாக் குப்பைக்குழியில் வீசிவிட்டுப் போன தகர டப்பா அது. நானும், எங்கள் கூலிவீட்டு வரிசைக்குப் பக்கத்து 'லயத்து' ராக்காயியும் கிளறி எடுத்தோம். உள்ளே, ஒரு காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்து விற்ற சின்னச் சின்னப் படங்கள். ஒவ்வொன்றிலும் போரில் மெடல் வாங்கிய ஒரு சிப்பாய். பெரும்பாலும் வெள்ளை முகங்கள். ஒருவர் மட்டும் தலைப்பாகை கட்டியவர், எங்கள் நிறம். அவர் யாருக்கு என்று நாங்கள் இருவரும் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறோம்.

தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் மகன் அந்தப் படங்களைப் பள்ளிக்கூடத்தில் கேட்டான். நான் தரவில்லை. மறுநாள் காலை, வேலை பிரிக்கும் 'பெரட்டில்', எல்லார் முன்னாலும் கணக்கப்பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டார்.

"தொரை வீட்டுச் சாமான ஒன் மக திருடியிருக்கா. கொண்டாந்து குடு."

"சரிங்கய்யா" என்பதைத் தவிர அவரிடம் வேறு சொல் பேசியறியாத அம்மா, அன்று அசையாமல் நின்றார்.

"குப்பையில கெடந்தத எடுத்தா திருட்டாங்கய்யா? எம் மகளத் திருடின்னு சொன்னது தப்புன்னு சொல்லுங்க, பொறகு பேசுவோம்."

அதற்குத் தண்டனையாக, யாரும் போக விரும்பாத செங்குத்தான மேல்மலைக்கு அம்மாவைத் தனியாகக் கொழுந்து பறிக்க அனுப்பினார்கள். மழையில் நனைந்து, அட்டைப்பூச்சி கடித்த கால்களோடு அவர் வீடு திரும்புவதைப் பார்க்கப் பொறுக்காமல், "குடுத்துரலாம்மா" என்று அழுதேன்.

"குடுத்தா நீ திருடுனதா ஆயிரும். எனக்கு மலை ஏறத் தெரியும், நீ சோத்தத் தின்னு."

கடைசியில் ஒரு காலை, ராக்காயியின் அம்மா கூடையை மாட்டிக்கொண்டு, "அவ போற மலைக்கே நாங்களும் போறோங்க" என்று நடந்தார். மற்ற பெண்களும் பின்னால் போய்விட்டார்கள். கீழ்மலைக் கொழுந்து பறிக்க ஆளில்லாமல் நின்றது. மறுநாள் அம்மாவைப் பழைய இடத்துக்கே போட்டார்கள். சொன்ன சொல்லைக் கணக்கப்பிள்ளை திரும்பப் பெறவில்லை. அம்மாவும் படங்களைக் கொடுக்கவில்லை.

எங்கள் லயம் பிறகு மண்சரிவில் போய்விட்டது. கணக்கப்பிள்ளையும் இல்லை, அம்மாவும் இல்லை. பங்களா இன்று உல்லாசப் பயணிகள் தங்கும் ஓட்டல். போன மாதம் அதன் மேனேஜர், தோட்டத்து ஆட்கள் சொல்லக் கேட்டு, பண்டாரவளையில் என் வீட்டுக்கே வந்து, பங்களாவின் ஞாபகமாகக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதற்குப் படங்களைத் தருவீர்களா என்று பணிவாகத்தான் கேட்டார்.

"பங்களாவுல வேணாம்னு எறிஞ்சதுங்க. எங்களுக்கு வேணும்" என்றேன்.

அவர் போன பிறகு, என் பேத்திகள் சிப்பாய்களையெல்லாம் சிமெந்துத் தரையில் பரப்பி விளையாட உட்கார்ந்தார்கள். மூலைகள் மடங்கிவிட்டன, சாயமும் போகிறது. போகட்டும்.