அடிக்கு அழாத தங்கை

பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடியும் முறைப்பாடு வந்ததால் மகனின் உள்ளங்கையில் மர அடிமட்டத்தால், கோடு போடும் அந்த அளவுகோலால், அடித்தேன். அவன் கையை உதறக்கூட இல்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தான். அது என் தங்கை செல்வியின் பார்வை.

சின்ன வயதில் நாங்கள் கஹவத்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். பால் வெட்டிவிட்டு வரும் அம்மாவின் கையில் ரப்பர்பாலின் புளித்த வாடை போகவே போகாது. அந்தக் கை செல்வியின் முதுகில் விழாத நாள் குறைவு. பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டாள், குடத்தைத் தண்ணீர் பிடிக்கும் பீலியிலேயே விட்டுவிட்டு வருவாள். அடித்தாலும் சோறு இல்லை என்றாலும் அவளுக்கு ஒன்றுதான்.

ஒருநாள் அம்மா களைத்துப்போய்க் கேட்டார்: "மல்லிகா அக்கா மாதிரி சொன்னதக் கேட்டா என்னடி?"

"கேட்டதாலதானே அக்காவ கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்புனீங்க," என்றாள் செல்வி. அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

பிறகு வேலைக்குப் பிள்ளை தேடித் தரகர் வந்தபோது அம்மா செல்வியைக் காட்டி, "இது சொல்பேச்சு கேக்காதுங்க, சரிவராது," என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். செல்வியை அதன்பின் அடிக்கவில்லை. அவளும் மெல்ல மெல்லப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். மல்லிகா அக்கா சில வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தாள். யார் எதைச் சொன்னாலும் உடனே எழுந்து செய்தாள், அதிகம் பேசவில்லை.

மகனின் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடா பயம் ஒனக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க குவைத்துக்கு வேலைக்குப் போகப் போறீங்களாமே," என்றான்.

அதை நாங்கள் இன்னும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.